தனிமங்களுக்கு ரோல் நம்பர் போட்டவர்: 27 வயதில் போர்க்களத்தில் மறைந்த ஹென்றி மோஸ்லி யார்?

1914-ம் ஆண்டு கோடையின் தொடக்கம். பாரிஸிலிருந்து ஜார்ஜ் உர்பேன் என்ற வேதியியலாளர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து இறங்கினார். அவரிடம் சில பொடிகள் இருந்தன. பார்வைக்கு ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாத பொடிகள். ஆனால், அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க உர்பேன் தன் வாழ்நாளில் சுமார் 20 ஆண்டுகளைக் கொடுத்திருந்தார். அதில் ஒன்றில் உலகம் அதுவரை பார்க்காத புதுத் தனிமம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. 1911-லேயே அதை அறிவித்து, 'செல்டியம்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

அவர் தேடி வந்தது 26 வயது இளைஞர் ஒருவரை. பெயர் ஹென்றி மோஸ்லி. நண்பர்களுக்கு 'ஹாரி'. ஆக்ஸ்ஃபோர்டு லேப் ஒன்றில் வேலை பார்க்க இடம் கொடுத்திருந்தார்களே தவிர, அவருக்கென்று அங்கே பதவி எதுவும் கிடையாது. பொடிகளை வாங்கிக்கொண்ட மோஸ்லி, அவற்றைத் தன் எக்ஸ்-ரே கருவிக்குள் வைத்தார். சில நாள்களிலேயே பதில் வந்துவிட்டது. உர்பேனின் பொடியில் ஏற்கெனவே தெரிந்த தனிமங்கள்தான் இருந்தன. செல்டியம் என்று எதுவும் இல்லை.

உர்பேனுக்கு ஏமாற்றம்தான். ஆனால், அதைவிடப் பெரிய வியப்பு. தனக்கு 20 ஆண்டுகள் பிடித்த வேலையை இந்தப் பையன் சில நாள்களில் முடிக்கிறானே என்று! ஊருக்குத் திரும்பியவர் மோஸ்லியின் புகழைப் பரப்பும் ஆளாகிப்போனார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் மோஸ்லி உயிரோடு இல்லை.

யார் இந்த மோஸ்லி?

1887 நவம்பர் 23-ம் தேதி இங்கிலாந்தின் வேமவுத் நகரில் பிறந்தார் ஹென்றி மோஸ்லி. அறிவியல் அந்தக் குடும்பத்தில் வீட்டு விஷயம். அப்பா ஹென்றி நாட்டிட்ஜ் மோஸ்லி, 'சேலஞ்சர்' கப்பலில் உலகக் கடல்களைச் சுற்றி ஆய்வு செய்த உயிரியலாளர், ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர். தாய்வழித் தாத்தா ஜான் க்வின் ஜெஃப்ரீஸ், சிப்பி, சங்கு வகைகளை ஆராய்வதில் பெரிய ஆள். அம்மா அமபெல் பின்னாளில் பிரிட்டனின் பெண்கள் செஸ் சாம்பியன் பட்டத்தையே வென்றவர். ஹாரிக்கு 4 வயது நிறைவதற்குள் அப்பா இறந்துவிட, எல்லாமே அம்மாதான் என்று ஆனது. கடைசிவரை அம்மாவுக்குக் கடிதம் எழுதும் பிள்ளையாகவே இருந்தார்.

ஸ்காலர்ஷிப்பில் ஈட்டன் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரி. எல்லோரும் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குவார் என்று எதிர்பார்த்தார்கள். தேர்வு நேரம் பார்த்து மகரந்த அலர்ஜி படுத்தி எடுத்தது. கிடைத்தது செகண்ட் கிளாஸ். இயற்பியலின் வரலாற்றை மாற்றியவர்கள் பட்டியலில் ஒரு செகண்ட் கிளாஸ் டிகிரியும் இருக்கிறது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

1910-ல் மான்செஸ்டர் போய், எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டிடம் சேர்ந்தார். அணுவுக்கு நடுவே உட்கரு இருக்கிறது என்று அடுத்த ஆண்டு உலகுக்குச் சொல்லப்போகும் அதே ரூதர்ஃபோர்டு. அங்கே மோஸ்லிக்குப் பாடம் நடத்தும் வேலையும் இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவே இல்லை. இந்தியா, பர்மா, ஜப்பான், எகிப்து என்று பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்களைப் பற்றி அவர் வீட்டுக்கு எழுதிய வரிகள் இன்று படித்தால் முகம் சுளிக்க வைக்கும். உயர்குடிப் பள்ளியும் பேரரசும் ஊட்டி வளர்த்த திமிர் அது. அவருடைய திறமையைப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது சரியாக இருக்காது.

உழைப்பில் மட்டும் குறையே இல்லை. சாயங்காலம் தொடங்கி விடிய விடிய லேபிலேயே கிடப்பார். அதிகாலை 3 மணிக்கு மான்செஸ்டரில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பதில் அவர் ஓர் எக்ஸ்பர்ட் என்று உடன் வேலை செய்த சார்லஸ் கால்ட்டன் டார்வின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஆமாம், அந்த டார்வினின் பேரன்தான்.

அரிய மண் தனிமங்கள்: அப்படி என்ன தலைவலி?

மோஸ்லி செய்ததன் அருமை புரிய, வேதியியலாளர்கள் அப்போது மாட்டிக்கொண்டிருந்த சிக்கலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1869-ல் மெண்டலீவ் தனிமங்களை அணு எடைப்படி வரிசையாக அடுக்கி அட்டவணை போட்டார். பிரமாதமான வேலை. ஆனால் லாந்தனம், சீரியம் என்று தொடங்கும் 'அரிய மண் தனிமங்கள்' மட்டும் அதில் உட்கார மறுத்தன. இன்று நம் போனின் ஸ்பீக்கர் காந்தத்தில் இருக்கும் நியோடிமியம் இந்தக் குடும்பம்தான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டிலும் இவைதான் கலந்து கிடக்கின்றன.

'கலந்து' என்பதுதான் பிரச்னையே. ஒரு கனிமத்தில் ஒன்று இருந்தால் மற்றவையும் கூடவே இருக்கும். வேதியியல் குணமோ அச்சு அசல் ஒன்று. ஸ்வீடனின் இட்டர்பி என்ற சின்ன ஊரில் கிடைத்த கனிமத்திலிருந்து இட்ரியம் வந்தது. அதை நோண்டினால் டெர்பியம், எர்பியம். எர்பியத்தை நோண்டினால் இட்டர்பியம். நான்கும் அந்த ஊரின் பெயரைத் துண்டு போட்டு வைத்த பெயர்கள்! 'டிடிமியம்' என்று ஒன்றைத் தனிமமாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1885-ல் ஆஸ்திரியாவின் அவுயர் வான் வெல்ஸ்பாக் அதை உடைத்து, உள்ளே இருப்பது பிரசியோடிமியம், நியோடிமியம் என இரண்டு என்று காட்டினார்.

பிரித்தெடுக்க ஒரே வழி, கரைத்து, படிகமாக்கி, மறுபடி கரைத்து, மறுபடி படிகமாக்குவது. பத்து இருபது தடவை அல்ல. சுத்தமான தூலியம் எடுக்க அமெரிக்காவில் சார்லஸ் ஜேம்ஸ் என்பவர் சுமார் 15,000 முறை இதைச் செய்தார். அப்படியும் கையில் இருப்பது ஒரே தனிமமா, இரண்டா என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர் என்ற அடிப்படைக் கேள்விக்கே விடை இல்லை. அதனால் அடிக்கடி யாராவது ஒருவர் புதுத் தனிமம் கண்டுபிடித்ததாக அறிவிப்பார். பிறகு அது காணாமல் போகும்.

காரணம் எலக்ட்ரான்களில் இருக்கிறது. ஒரு தனிமம் வேதிவினையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பெரும்பாலும் அதன் வெளிவட்ட எலக்ட்ரான்களே தீர்மானிக்கும். அரிய மண் தனிமங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கூடுதலாக வரும் எலக்ட்ரான் பெரும்பாலும் வெளியே உட்காராது. '4எஃப்' என்ற உள்ளறைக்குப் போய்விடும். வீட்டுக்குள் ஆள் கூடிக்கொண்டே போனாலும் தெருவிலிருந்து பார்த்தால் திண்ணை ஒரே மாதிரி இருப்பதைப் போல. வேதியியல் பார்த்தது திண்ணையை மட்டும்தான். உள்ளே எட்டிப்பார்க்க வேறு ஏதாவது வேண்டும்.

எடையா, எண்ணா?

1912-ல் ஜெர்மனியில் லாவேயும் அவருடைய குழுவினரும் படிகங்கள் எக்ஸ் கதிர்களைச் சிதறடித்து ஒழுங்கான வடிவங்களை உருவாக்குவதைக் காட்டினார்கள். மோஸ்லிக்கு அதில் பைத்தியம் பிடித்தது. ரூதர்ஃபோர்டுக்கு முதலில் பெரிய ஆர்வம் இல்லை. மோஸ்லி விடவில்லை. லீட்ஸ் நகரில் இருந்த வில்லியம் பிராக்கிடம் போய் வேலையைக் கற்றுக்கொண்டு வந்து, டார்வினுடன் சேர்ந்து தொடங்கினார்.

அதே சமயம் இன்னொரு யோசனை காற்றில் மிதந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் புரூக், தொழிலால் வழக்கறிஞர், ஆர்வத்தால் இயற்பியல்காரர். அட்டவணையில் ஒரு தனிமம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ, அதுவே அதன் உட்கருவின் மின்சுமை என்று சொன்னார். 1913 கோடையில் மான்செஸ்டர் வந்த நீல்ஸ் போருடன் மோஸ்லி இதைப் பற்றியெல்லாம் பேசினார். போரின் அணு மாதிரி அப்போதுதான் வெளிவந்திருந்தது. சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தார் மோஸ்லி.

சிம்பிளாகச் சொன்னால், சோதனை இதுதான். வேகமான எலக்ட்ரான்களை ஒரு தனிமத்தின் மேல் மோத விட வேண்டும். அவை அணுவின் ஆக உள்ளே இருக்கும் எலக்ட்ரான் ஒன்றை வெளியே தள்ளும். காலியான இடத்துக்கு அடுத்த வட்டத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் இறங்கி வரும். அப்போது மிச்சமாகும் ஆற்றல் எக்ஸ் கதிராக வெளியேறும். உட்கருவின் மின்சுமை கூடக் கூட இழுவை கூடும், கதிரின் அதிர்வெண்ணும் கூடும். அதை ஒரு படிகத்தில் பட வைத்துப் பிரித்து, போட்டோ எடுத்தால் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளைப் படிப்பதற்குத்தான் எக்ஸ் கதிர் நிறமாலையியல் என்று பெயர்.

நடைமுறையில் ஒரு தொல்லை இருந்தது. கருவிக்குள் வெற்றிடம் வேண்டும். ஒவ்வொரு முறை தனிமத்தை மாற்றவும் கருவியைத் திறந்து மூடினால் மீண்டும் காற்றை உறிஞ்சியே நேரம் போய்விடும். மோஸ்லி என்ன செய்தார் தெரியுமா? நீளமான கண்ணாடிக் குழாய்க்குள் குட்டி ரயில் விட்டார்! அலுமினியத்தில் சின்னச் சின்ன வண்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தனிமம். பட்டு நூலைச் சுற்றி இழுத்தால் வண்டிகள் நகர்ந்து, ஒவ்வொன்றாக எலக்ட்ரான்களின் வழியில் வந்து நிற்கும். குழாயைத் திறக்கவே வேண்டாம்.

கால்சியத்திலிருந்து துத்தநாகம் வரை எடுத்தார். துத்தநாகம் சூட்டில் ஆவியாகிவிடும் என்பதால் பித்தளையை வைத்தார். பித்தளையில் தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்தே இருக்கின்றனவே. படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியபோது, கோடுகள் படிக்கட்டு போல இறங்கின. அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரே அளவு ஏற்றம். அணு எடை இப்படி ஒழுங்காக ஏறாது. சில இடங்களில் இறங்கவே செய்யும். கோபால்ட்டின் அணு எடை சுமார் 58.9, நிக்கலுக்குச் சுமார் 58.7. எடைப்படி பார்த்தால் நிக்கல்தான் முன்னால் நிற்க வேண்டும். எக்ஸ் கதிரோ கோபால்ட் 27, நிக்கல் 28 என்று சொன்னது. வேதியியல் குணத்தைப் பார்த்து மெண்டலீவ் யூகமாக வைத்த வரிசையும் அதுதான்.

அதுவரை அணு எண் என்பது வெறும் வரிசை எண். பள்ளியில் பிள்ளைகளை எடை பார்த்து நிற்க வைத்துவிட்டு, நிற்கும் இடத்தை வைத்து எண் கொடுப்பது மாதிரி. மோஸ்லிக்குப் பிறகு அது ரோல் நம்பர் ஆனது. ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தானே சொல்லும். வராதவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

66-ஆ, 67-ஆ? மோஸ்லியும் தடுமாறிய இடம்

1913 டிசம்பரில் முதல் கட்டுரை 'ஃபிலாசஃபிக்கல் மேகசின்' இதழில் வந்தது. அதற்குள் மோஸ்லி ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அடுத்த குறி, மொத்த அட்டவணை. அதில் அரிய மண் தனிமங்களும் அடக்கம்.

கனமான தனிமங்களின் ஆக உள்வட்ட எலக்ட்ரானைத் தள்ள அவருடைய கருவிக்குச் சக்தி போதாது. அதனால் 'கே' வரிசைக் கோடுகளை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வட்டத்திலிருந்து வரும் 'எல்' வரிசைக் கோடுகளை எடுத்தார். இங்கேதான் இந்த முறையின் பெரிய லாபம் தெரிகிறது. சுத்தமான உலோகமே வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக்சைடு போன்ற சேர்மமாக இருந்தாலும் பரவாயில்லை, உலோகத் தகட்டில் தேய்த்து வைத்தால் போதும். சேர்மத்தில் கைகோத்திருப்பவை வெளி எலக்ட்ரான்கள். இந்தக் கதிரோ உள்ளேயிருந்து வருகிறது. பொடியில் வேறு தனிமம் கலந்திருந்தாலும் அதுவும் தன் கோட்டைத் தனியாகக் காட்டிவிடும்.

1914 ஏப்ரலில் இரண்டாவது கட்டுரை. அலுமினியம் 13-ல் தொடங்கி தங்கம் 79 வரை எண்கள். நடுவே 43, 61, 75 என மூன்று இடங்கள் காலி என்று அறிவித்தார்.

எல்லாம் சரியாக இருந்ததா? இல்லை. ஹோல்மியத்துக்கு 66, டிஸ்ப்ரோசியத்துக்கு 67 என்று மாற்றிப் போட்டிருந்தார். தூலியம் உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட தனிமங்களின் கலவை என்ற வெல்ஸ்பாக்கின் கருத்தை நம்பி, அதற்கு 69, 70 என இரண்டு இடம் ஒதுக்கினார். விளைவு, அடுத்திருந்த இட்டர்பியமும் லுட்டீஷியமும் ஒவ்வொரு இடம் தள்ளிப்போய், லுட்டீஷியம் 72-ல் போய் உட்கார்ந்துகொண்டது. அளக்காமல் நம்பிய இடத்தில் வந்த பிழை அது.

உர்பேனின் பொடிகள் வந்தபோது இது நேரானது. தூலியம் 69, இட்டர்பியம் 70, லுட்டீஷியம் 71. இன்று பாடப்புத்தகத்தில் இருப்பதும் இதே. ஆக 72-ம் காலி. உர்பேன் ஆசைப்பட்ட நாற்காலி இருந்தது. உட்கார அவரிடம் ஆள் இல்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோலிக்கு

1914 கோடையில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்துக்காக அம்மாவுடன் ஆஸ்திரேலியா புறப்பட்டார் மோஸ்லி. அந்தப் பயணத்தின்போதே முதல் உலகப்போர் வெடித்தது. கூட்டத்தில் கலந்துகொண்டு, ஊர் திரும்பிய கையோடு ராணுவத்தின் ராயல் இன்ஜினீயர்ஸ் பிரிவில் சேர விண்ணப்பித்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவையே 1916-ல்தான் வந்தது. அம்மா தடுத்தார். ரூதர்ஃபோர்டும் அவரை ஆய்வுப் பணிக்கு மாற்ற முயன்றார். மோஸ்லி கேட்கவில்லை.

38-வது பிரிகேடின் சிக்னல் அதிகாரியாக 1915-ல் துருக்கியின் கலிபோலிக்கு அனுப்பப்பட்டார். போகிற வழியில் உயில் எழுதினார். இருந்ததையெல்லாம் ராயல் சொசைட்டிக்கு, சோதனை முறை அறிவியல் ஆய்வுகளுக்காக. அதில் ஒரு நிபந்தனையும் வைத்தார். தூய கணிதம், வானியல், விவரிப்பதையும் பட்டியல் போடுவதையும் வகைப்படுத்துவதையும் மட்டுமே நோக்கமாகக் கொண்ட துறைகள், இவற்றுக்கு இந்தப் பணம் போகக்கூடாது. உலகின் மிகப் புகழ்பெற்ற பட்டியலைச் சரிசெய்தவருக்குப் பட்டியல் போடுவது பிடிக்காதாம்!

ஆகஸ்ட் 10 அதிகாலை, சுனுக் பாயிர் மலைமுகட்டில் முஸ்தபா கெமால் தலைமையில் துருக்கிப் படைகள் பெரும் எதிர்த்தாக்குதலில் இறங்கின. போன் மூலம் தகவல் அனுப்பிக்கொண்டிருந்த மோஸ்லியின் தலையில் குண்டு பாய்ந்தது. அவருடைய பிரிகேடின் தளபதி பால்ட்வினும் அன்றே கொல்லப்பட்டார். மோஸ்லிக்குத் தனியாகக் கல்லறை இல்லை. ஹெல்லஸ் நினைவுத் தூணில் உள்ள 20,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் அவருடையதும் ஒன்று.

செய்தி கேட்ட ரூதர்ஃபோர்டு, இப்படிப்பட்ட ஒருவரைச் சாதாரணச் சிப்பாய் வேலைக்கு அனுப்பியது நாட்டின் முட்டாள்தனம் என்ற பொருளில் 'நேச்சர்' இதழில் வெளிப்படையாக எழுதினார். மோஸ்லி ஆசைப்பட்டுத்தான் போனார் என்பது அவருக்கும் தெரியும். ஆனால், அவருடைய கேள்வி வேறு. அதே போரில் லாரன்ஸ் பிராக், எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையில் பயன்படுத்தப்பட்டார். அவரால் ராணுவத்துக்கு என்ன லாபம் என்பது தெரிந்தது. மோஸ்லியை அப்படிப் பயன்படுத்த ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

நோபல்? ஸ்வீடனின் அர்ஹீனியஸ் 1915-ம் ஆண்டுக்கு இயற்பியல், வேதியியல் இரண்டுக்குமே மோஸ்லியின் பெயரைப் பரிந்துரைத்திருந்தார். அந்த ஆண்டின் இயற்பியல் பரிசு பிராக் தந்தை, மகன் இருவருக்கும் போனது. அடுத்த ஆண்டு பரிந்துரைக்க அவர் இல்லை.

காலி நாற்காலிகள் நிறைந்த கதை

72-க்கான சண்டை 1920-களில் மீண்டும் கிளம்பியது. உர்பேன் செல்டியத்தைக் கைவிடவில்லை. மங்கலான எக்ஸ் கதிர்க் கோடுகள் தெரிந்ததாக 1922-ல் பாரிஸிலிருந்து அறிவிப்பு வந்தது. கோபன்ஹேகனில் இருந்த போரோ, தன் எலக்ட்ரான் கணக்குப்படி 72 அரிய மண் தனிமமாகவே இருக்க முடியாது, சிர்கோனியத்தின் சொந்தக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்றார். கோஸ்டரும் ஹெவெசியும் சிர்கோனியம் கனிமத்தை எடுத்து மோஸ்லியின் முறையிலேயே பார்த்தார்கள். கோடுகள் பளிச்சென்று இருந்தன. 1923-ல் ஹாஃப்னியம் பிறந்தது. இரு தரப்பும் கையில் எடுத்தது மோஸ்லியின் அளவுகோலைத்தான்.

75, ரீனியம், 1925-ல் ஜெர்மனியில் கிடைத்தது. 43, டெக்னீசியம், 1937-ல் செயற்கையாக உருவான பொருளில் அடையாளம் காணப்பட்டது. 61 மட்டும் படுத்தியது. இல்லினாய்ஸிலிருந்து 'இல்லினியம்', இத்தாலியிலிருந்து 'ஃபுளோரென்சியம்' என்றெல்லாம் அறிவிப்புகள் வந்து கரைந்தன. கடைசியில் 1945-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், அணு உலையின் கழிவிலிருந்து கிடைத்தது புரோமித்தியம். அதன் மிக நீண்ட ஆயுள் கொண்ட வடிவத்துக்கே அரை ஆயுள் 18 ஆண்டுகளுக்கும் குறைவு. மண்ணைத் தோண்டி எத்தனை ஆயிரம் முறை படிகமாக்கினாலும் கையில் எடுத்துப் பார்க்கும் அளவுக்குக் கிடைத்திருக்காது.

மோஸ்லி விட்ட இடத்திலிருந்து அளவீட்டைக் கூர்மையாக்கியவர் ஸ்வீடனின் மான்னே சீக்பான். 1924-ம் ஆண்டுக்கான நோபல் அவருக்கு. அவருடைய மகன் கை சீக்பான், எக்ஸ் கதிர் பட்டு வெளியேறும் எலக்ட்ரான்களையே அளக்கும் முறையை வளர்த்து 1981-ல் நோபல் வாங்கினார். அளவு நுட்பமாக நுட்பமாக ஒன்று தெரியவந்தது. மோஸ்லி கண்டுகொள்ளாமல் விட முடிந்த சேர்மத்தின் பாதிப்பு, கோடுகளில் சின்ன நகர்வாகத் தெரிகிறது. சீரியம் ஒரு சேர்மத்தில் 3 எலக்ட்ரான்களை விட்டுக்கொடுத்திருக்கிறதா, 4-ஆ என்பதை இன்று எக்ஸ் கதிர் நிறமாலையே சொல்லிவிடும்.

சமாரியம் சல்ஃபைடு இதற்கு அழகான உதாரணம். சாதாரணமாகக் கறுப்பாக இருக்கும். சுமார் 6,500 மடங்கு வளிமண்டல அழுத்தம் கொடுத்தால் தங்க நிறத்துக்கு மாறிவிடும். உள்ளறையான 4எஃப்-ல் அடைந்து கிடந்த எலக்ட்ரான் வெளியே வரத் தொடங்குவதுதான் காரணம். முழுதாக வந்துவிடுவதும் இல்லை, 2-க்கும் 3-க்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் நிற்கிறது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைப் பார்க்க, சமாரியத்தின் 'எல்' வட்ட எலக்ட்ரான்களின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்துகிறார்கள். 1914-ல் மோஸ்லி தட்டிய அதே வட்டம்.